மாண்புமிகு தொப்புள்கொடி

பொன்னாவரம் என்றொரு நாடு. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாலம் கட்டி முடிந்து மூன்று வருஷமாகியும் ஜனங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் அடியில் ஆற்றில் இறங்கிக் கடக்கிறார்கள் என்றால், நீங்கள் வந்து சேர்ந்த இடம் பொன்னாவரம்தான். பாலத்தில் ஒரு கோளாறும் இல்லை. இன்னும் நாடா வெட்டவில்லை, அவ்வளவுதான்.

'திறக்கப்படாதது இல்லாததே' என்பது அந்த நாட்டுச் சாசனத்தின் முதல் வரி. பள்ளிக்கூடமோ, குடிநீர்க் குழாயோ, சுடுகாட்டுக் கொட்டகையோ, மக்கள் பிரதிநிதி ஒருவர் வந்து சிவப்பு நாடாவைக் கத்தரித்தால்தான் அது இருப்பதாக அர்த்தம். நாவல்பட்டியில் ஒரு கிணறு தோண்டினார்கள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. அமைச்சருக்கு நாள் ஒழியவில்லை. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கிணற்றைச் சுற்றிக்கொண்டு மூன்று மைல் நடந்து வேறு தண்ணீர் எடுத்தார்கள். இரண்டு கோடை கழித்து அமைச்சர் வந்தபோது கிணறு வறண்டு, உள்ளே ஓர் ஆடு விழுந்து கிடந்தது. அமைச்சர் நாடாவை வெட்டினார், ஆட்டை மீட்கத் தனியாக விழா எடுக்கப்படும் என்று அறிவித்தார், கைதட்டலை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. தேர்தல் வந்தால் எதிர்க்கட்சிக்காரர்கள்கூட, 'எங்களிடம் இதைவிடக் கூர்மையான கத்தரி இருக்கிறது' என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்பார்கள்.

தலைநகரத்து அரசு மகப்பேறு மருத்துவமனையில் வடிவு என்று ஒரு நர்ஸ் இருந்தாள். முழுப்பெயர் சௌந்திரவடிவு. பத்தொன்பது வருஷம் பிரசவ வார்டு. கையில் சுத்தம், வாயில் காரம். வலியில் கத்துகிற பெண்ணை அதட்டுவாள், அடுத்த நொடியே அவள் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைப்பாள். நாட்டில் நாடா வெட்டாமல் நடக்கிற ஒரே காரியம் பிரசவம்தான் என்று அவள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சொல்லியிருக்க வேண்டாம்.

அப்படிப்பட்ட அரசுக்கு ஒரு நாள் ஜனங்களின் எலும்பின்மேல் அக்கறை பிறந்தது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் ஊறுகிறது. சிலருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, அந்த ஊற்று அடைத்துப்போகும். பொருத்தமான ஒருவர் தன் மஜ்ஜையில் கொஞ்சம் கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. கொடுத்தவருக்கும் சில வாரத்தில் திரும்ப ஊறிவிடும். பக்கத்து நாடுகளில் எல்லாம் வெகுகாலமாக நடக்கிற வேலை. பொன்னாவரத்திலும் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு தொடங்க மசோதா வந்தது, சபையில் மூன்று நாள் விவாதம் நடந்தது.

மூன்றாம் நாள் ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். எதிர்க்கட்சிக்காரன் மஜ்ஜை நம் கட்சிக்காரன் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், அடுத்த தேர்தலில் அவன் ஓட்டு எந்தச் சின்னத்தில் விழும் என்று கேட்டார். சபை ஆடிப்போய்விட்டது. எதிர்க்கட்சித் தலைவர் தமக்கும் அதே கவலைதான் என்றார். அந்த வருஷம் இரண்டு தரப்பும் ஒன்றுபட்ட ஒரே விஷயம் அதுதான். கொடையாளர் படிவத்தில் கட்சி, கோஷ்டி, கடந்த மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்ட சின்னம் என்று மூன்று கட்டங்கள் சேர்க்கப்பட்டன. படிவத்தை வாங்கிப் பார்த்தவர்கள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வருஷக் கடைசியில் பதிவேட்டில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொருவரும் அந்தப் பதிவேட்டைப் பராமரிக்க நியமிக்கப்பட்ட ஊழியர்கள்.

அப்போதுதான் நலவாழ்வு அமைச்சர் கனகசபாதிபதியின் காதில் யாரோ ஒரு சங்கதியைப் போட்டார்கள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் மிஞ்சி நிற்கிற ரத்தத்துக்கும் மஜ்ஜையின் அதே குணம் உண்டு. வீணாகத் தூக்கி எறிகிற ரத்தம், எடுப்பதில் யாருக்கும் வலியில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிறந்த குழந்தைக்கு இன்னும் கட்சி இல்லை. அமைச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மாதத்தில், படத்துக்கும் சிலைக்கும் மட்டுமே என்று இருந்த நாட்டு மன்னரின் பெயரால் 'மாமன்னர் தொப்புள்கொடி ரத்த வங்கி' அறிவிக்கப்பட்டது, மருத்துவமனைக்குப் பின்னால் நான்கு மாடியில் கட்டடம் எழும்பியது, வாசலில் மாமன்னரின் சிலை கையில் ஒரு கைக்குழந்தையோடு நின்றது. குழந்தையின் முகமும் மாமன்னர் முகமாகவே இருந்தது.

வடிவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். நல்லதை நல்லது என்று சொல்ல அவளுக்குத் தயக்கம் கிடையாது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாள். குழந்தை வெளியே வந்து ஒரு நிமிஷத்துக்குள் கொடியில் இரண்டு கிளிப் போட வேண்டும், நடுவில் வெட்ட வேண்டும், தாய்ப் பக்கத்துக் கொடியில் ஊசியை ஏற்றிப் பையைக் கீழே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். நாலைந்து நிமிஷத்தில் பை நிறைந்துவிடும். தாமதித்தால் பாதி ரத்தம் குழந்தைக்குள் போய்விடும், மீதி உறைந்துவிடும். பிள்ளைக்கு அதில் கெடுதல் இல்லை, பைக்குத்தான் ஒன்றும் மிஞ்சாது. வடிவு ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். மறுநாள் மற்ற நர்ஸுகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்.

வங்கி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு நெறிமுறைச் செயலர் அம்பலவாணர் வார்டுக்கு வந்தார். எந்த விழாவில் யார் எங்கே நிற்பது, யார் எதை வெட்டுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மெதுவாகப் பேசுவார், பச்சை மையில் எழுதுவார். வடிவை அழைத்து, குழந்தை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம், நடுவில் நீளமாக ஒன்று, அதை வெட்டினால்தான் குழந்தை தனி ஆள் ஆகிறது, அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றாள் வடிவு.

“அப்படியானால் அது திறப்பு விழா. இத்தனை வருஷமாக அரசுக்குத் தெரியாமல் நீங்கள் நடத்தி வந்திருக்கிறீர்கள். போனது போகட்டும். இனி மக்கள் பிரதிநிதிதான் வெட்டுவார்.”

வடிவு பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். வெட்டுவதற்கு ஒரு நேரம் உண்டு, கொடி துடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தால்தான் உண்டு, விட்டால் போச்சு என்றாள். அம்பலவாணர் அத்தனையையும் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

“அமைச்சர் வரும்வரை துடிக்கச் சொல்லுங்கள்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அதை உத்தரவாகவே எழுதிக் கையெழுத்திட்டு வார்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

முதல் வாரம் பதினேழு குழந்தைகள் நஞ்சுக்கொடியோடு சேர்ந்தே எவர்சில்வர் தட்டில் வரிசையாகக் கிடந்து அமைச்சருக்குக் காத்திருந்தன. அமைச்சர் மூன்று மணி தாமதமாக வந்து, தங்கக் கத்தரியால் பதினேழையும் வெட்டி, பதினேழு படம் எடுத்துக்கொண்டார். பைகளில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை. இரண்டு குழந்தைகளுக்குத் தொப்புளில் சீழ் வைத்தது. வங்கி காலிப் பைகளை வாங்கி, எண் போட்டு, பனிக்குளிரில் பத்திரமாக அடுக்கியது. பையில் எத்தனை அளவு இருக்கிறது என்று காட்டுகிற கோடுகளின் மேல் மாமன்னரின் படம் அச்சிட்டிருந்ததால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அமைச்சர் ஒருவரால் நாடு முழுக்க ஓட முடியவில்லை. எனவே வட்டப் பிரதிநிதிகளுக்கும் ஆளுக்கொரு கத்தரி வழங்கப்பட்டது. ஒரே வட்டத்தில் இரண்டு கோஷ்டி இருந்தால் யார் வெட்டுவது என்று பிரசவ அறைக்குள்ளேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கிழக்கு வட்டத்தில் ஒரு தாய் எழுந்து உட்கார்ந்து சமரசம் செய்துவைக்க வேண்டியதாயிற்று. அடுத்து, பிரதிநிதிகளின் வசதியை முன்னிட்டுப் பிரசவ வலி காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் மட்டுமே வர வேண்டும் என்று ஆணை வந்தது. மீறி வலி கண்டவர்கள் எழுத்து மூலம் காரணம் காட்ட வேண்டும். 'வலி வந்தது' என்று எழுதினால் அது காரணமாக ஏற்றுக்கொள்ளப்படாது என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

ஒரு வருஷத்தில் வங்கியில் பன்னிரண்டாயிரம் பைகள் சேர்ந்தன. அத்தனைக்கும் வடிவும் அவள் கூட்டாளிகளும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதலில் வடிவு பையின் பக்கம் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டாள். நூறு பைக்கு மேல் பழகிவிட்டது. அதுதான் அவளுக்குத் தன்மேல் இருந்த பெரிய வருத்தம்.

செவந்தியை அவளுக்கு அந்தச் சமயத்தில்தான் தெரியவந்தது. பூக்கட்டி விற்கிறவள். அவளுடைய ஆறு வயது மகள் அஞ்சுகத்துக்கு மஜ்ஜை ஊற்று அடைத்துவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பக்கத்து வார்டில் ரத்தம் ஏற்றிக்கொள்ள வரும். வெளுத்த உதடு, கன்னத்தில் நீலம் நீலமாகத் திட்டு. ஊசி குத்தும்போது அழாது, குத்தி முடித்த பிறகு நர்ஸைப் பார்த்து “இனிமே அழலாமா?” என்று அனுமதி கேட்டுவிட்டு அழும். வடிவுக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்தால் வேலை ஓடாது.

செவந்தி இப்போது எட்டு மாதம். வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் அக்காளுக்குப் பொருந்துமா என்று ரத்த டாக்டர் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருந்தார். அச்சாகப் பொருந்தியது. தொப்புள்கொடி ரத்தம் ஒரே ஒரு பை, ஒழுங்காக நிறைந்த ஒரு பை கிடைத்தால் அஞ்சுகம் பிழைத்துக்கொள்ளும். அது தப்பினால், பிறக்கிற குழந்தை வளர்ந்து மஜ்ஜை கொடுக்கிற அளவுக்குத் தேறும்வரை அஞ்சுகம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

செவந்திக்கு நாட்டு நடப்பு தெரியும். அவள் வடிவைத் தேடி வந்து சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அக்கா, அவங்க எல்லாம் வந்து வெட்டட்டும், படம் எடுக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க முன்னாடியே ரத்தத்த எடுத்துருவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

எடுத்துவிடுவேன் என்றாள் வடிவு. சொன்ன பிறகுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. திறப்பாளர் இல்லாமல் திறப்பது ஏழு வருஷச் சிறை.

இதற்குள் செய்தி மேலே போய்விட்டது. வங்கிக்கு முதல்முறையாக ஓர் உண்மையான நோயாளி கிடைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அமைச்சகத்தில் யாருக்கும் உட்கார நேரமில்லை. செவந்தியின் தொப்புள்கொடி அரசுத் தொப்புள்கொடியாக அறிவிக்கப்பட்டது. அரசாணையில் அதற்கு 'மாண்புமிகு' என்ற அடைமொழியும் சேர்க்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பிறப்பு, பத்தே முக்காலுக்கு வெட்டு, பதினொன்றுக்கு நன்றியுரை என்று அழைப்பிதழ் அச்சானது. மேடையில் காட்டுவதற்கான ரத்தப் பையை அம்பலவாணரே ஏற்பாடு செய்துவிட்டார். அசல் ரத்தம் படத்தில் கருப்பாக விழுகிறது என்று அதில் ரோஜா சர்பத் ஊற்றச் சொல்லியிருந்தார்.

குழந்தைக்கு அழைப்பிதழ் போய்ச் சேரவில்லை. புதன்கிழமை காலையிலேயே செவந்திக்கு வலி கண்டது. வடிவு அறைக்கதவைத் தாழிட்டாள். கூட இருந்த ஆயாவை வெந்நீர் கொண்டுவர அனுப்பிவிட்டாள். பன்னிரண்டு இருபதுக்கு ஆண் குழந்தை பிறந்து வீறிட்டது. கிளிப், கிளிப், வெட்டு. ஊசி ஏறியதும் பை அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. பிறகு மளமளவென்று நிறைய ஆரம்பித்தது. மாமன்னர் படம் போட்ட பையில்லை அது, பயிற்சிக்கு வந்த அம்மாள் விட்டுப்போன வெறும் பை. நிறைந்த பையைக் கையில் ஏந்தியபோது அதன் சூடு கையுறையைத் தாண்டி வந்தது. வடிவு ஒரு வருஷமாகப் பன்னிரண்டாயிரம் பை பார்த்தவள், உள்ளே ரத்தம் இருக்கிற பையை அன்றைக்குத்தான் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். செவந்தி படுத்தபடியே அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

ரத்த டாக்டர் பின்வாசல் வழியாக வந்து, பையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் போனார்.

இரண்டு மணிக்கு அம்பலவாணர் வந்துவிட்டார். குழந்தை தொட்டிலில் கிடந்தது, தொப்புளில் கிளிப் இருந்தது, கொடி இல்லை. வடிவு சிறைக்குப் போகத் தயாராகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

“இது யாருக்காவது தெரியுமா?” என்றார் அம்பலவாணர்.

“தெரியாதுங்க.”

“அப்படியென்றால் வெட்டப்படவில்லை.” கொஞ்சம் யோசித்தார். “பேண்டேஜ் துணி இருக்கிறதா? நாலு அங்குலம் போதும்.”

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, பிறந்து இரண்டு நாளான குழந்தை மேடையில் பட்டு விரிப்பின் மேல் பிறந்தது. அதன் தொப்புளிலிருந்து செவந்தியின் சேலை மடிப்பு வரைக்கும் முறுக்கிய பேண்டேஜ் துணி ஒன்று ஓடியது. அமைச்சர் தங்கக் கத்தரியால் அதை வெட்டினார். பேண்டேஜ் முதல் வெட்டில் அறவில்லை, மூன்றாவதில் அறுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. சர்பத் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, இந்த நாட்டில் இனி ஒரு குழந்தைகூட ரத்தமில்லாமல் சாகாது என்று அமைச்சர் முழங்கினார். நன்றியுரை மட்டும் ஒன்றரை மணி நேரம் ஓடியது.

அஞ்சுகத்துக்குத் தம்பியின் ரத்தம் ஏற்றப்பட்டது. அதற்கு முந்திய மருந்துகளில் பிள்ளையின் முடியெல்லாம் கொட்டியது, வாய் வெந்தது, கண்ணாடி அறைக்குள் இருபத்தாறு நாள் தனியாகக் கிடந்தது. இருபத்தேழாம் நாள் ரத்த டாக்டர் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு வடிவின் வார்டுக்கே ஓடி வந்தார். ஊற்று திறந்துவிட்டது. அந்தப் பயந்தாங்கொள்ளி மனிதர் நடு வார்டில் நின்று, “ஊறுதும்மா, ஊறுது” என்று இரண்டு முறை சொன்னார். வடிவுக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்ததில்லை. இரண்டு மாதத்தில் அஞ்சுகத்தின் தலையில் முடி அரும்பு விட்டது. ஊசி போடும் முன்பே ஊரைக் கூட்டி அழுகிற அளவுக்குத் தெம்பும் வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தொப்புளில் சீழ் வைத்த குழந்தைகளின் எண்ணிக்கை ஊர்ஊராக ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஓர் எதிர்க்கட்சிப் பத்திரிகையில் வந்துவிட்டது. வேறு வழியின்றி அரசு ஓர் ஆய்வுக்குழு போட்டது. தலைவியாக வந்தவர் ஓய்வுபெற்ற டாக்டர் மங்கையர்க்கரசி. பொன்னாவரத்தில் எப்படியோ தப்பிப் பிழைத்த நேர்மையான மனுஷி. அவர் வங்கிக்கே போய், நாற்பது பைகளை உருக்கிப் பார்த்தார். நாற்பதும் காலி. கத்தரியைப் பிரதிநிதிகளிடமிருந்து பிடுங்கி நர்ஸுகளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அறிக்கையும் எழுதி வைத்துவிட்டார். கையெழுத்துப் போடும் முன்பு நியாயத்துக்கு ஒரு கேள்வி கேட்டார். இந்தத் திட்டத்தால் ஓர் உயிராவது பிழைத்திருக்கிறதா?

அரசு அஞ்சுகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. சாட்சிக்கு வடிவை அழைத்தது.

விசாரணைக்கு முந்திய நாள் அம்பலவாணர் வார்டுக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அஞ்சுகம் இன்னும் ஒரு வருஷம் மருந்து சாப்பிட வேண்டுமே, நிறுத்தினால் உடம்பு தம்பியின் ரத்தத்தோடு சண்டைக்கு நிற்குமே என்று அன்பாக விசாரித்தார். அந்த மருந்து திட்டப் பயனாளி அட்டைக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று நினைவூட்டினார். முறையாகத் திறக்கப்படாத ரத்தம் சட்டப்படி இல்லாத ரத்தம். இல்லாத ரத்தத்துக்கு அட்டை கிடையாது.

“நான் மிரட்டவில்லை, சௌந்திரவடிவு. விதியைச் சொன்னேன்.”

மறுநாள் மங்கையர்க்கரசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் கேட்டார். அவருக்கு வேண்டிய பதில் எது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பேனா மூடி திறந்தே இருந்தது.

“வெள்ளிக்கிழமை மேடையில அமைச்சர் வெட்டின கொடியிலருந்துதான் அந்த ரத்தம் எடுத்தீங்களா? பயப்படாம சொல்லும்மா.”

அறைக்கு வெளியே பெஞ்சில் அஞ்சுகம் செவந்தியின் மடியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. உள்ளதைச் சொன்னால் இனிப் பிறக்கப்போகிற ஆயிரம் குழந்தைகளுக்கு விடிவு. அந்த ஆயிரத்தில் ஒன்றுக்கும் வடிவுக்கு முகம் தெரியாது, பெயர் தெரியாது. இந்தப் பிள்ளையின் தலையில் முடி எவ்வளவு நீளம் வளர்ந்திருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

“ஆமாங்கம்மா” என்றாள்.

“நிச்சயமா?”

“நிச்சயமாங்க. அமைச்சர் ஐயா வெட்டினதும் எடுத்தோம்.”

மங்கையர்க்கரசி பேனாவை மூடினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதி வைத்த அறிக்கையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். வடிவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமிக்கும் அன்று வேறு வேலை இருந்ததுபோலும்.

திட்டம் பயன் தருவது சாட்சியத்துடன் நிரூபணமானது. அந்தத் திட்டத்திலிருந்து தப்பி வந்ததால் பிழைத்த ஒரே பிள்ளை, அந்தத் திட்டத்தால் பிழைத்த பிள்ளையாக நாடு முழுக்கச் சுவரொட்டிகளில் சிரித்தது. பக்கத்தில் ஆளுயரத்துக்குத் தங்கக் கத்தரி. கத்தரிச் சட்டம் இனி வீட்டுப் பிரசவங்களுக்கும் பொருந்தும் என்று நீட்டிக்கப்பட்டது. மஜ்ஜைக் கொடைக்கும் புது உயிர் வந்தது. கொடையாளரின் இடுப்பெலும்பில் ஊசியை இனி வட்டப் பிரதிநிதியே தம் கையால் ஏற்றுவார் என்று அமைச்சர் அறிவித்தார். பதினொரு ஊழியர்களும் அன்றைக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். வடிவுக்கு 'திறப்புச் செம்மல்' என்ற பட்டமும் சால்வையும் கிடைத்தன. சால்வையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஆனால் ஒன்றை மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். சட்டம் கிடக்கட்டும். இனி மூத்த பிள்ளை நோயில் கிடக்கிற எந்தத் தாய் வந்தாலும், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தானே வெட்டி எடுத்துவிடுவது. பிடிபட்டால் பிடிபடட்டும். வெறும் பைகள் நான்கைத் தேடி எடுத்து அலமாரியில் பஞ்சுக்கடியில் மறைத்து வைத்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

மூன்று வாரம் கழித்து மலைப்பக்கத்திலிருந்து பேச்சியம்மை என்ற பெண் வந்து சேர்ந்தாள். நிறைமாதம். மூத்த மகளுக்கு அஞ்சுகத்தின் அதே நோய். வயிற்றுப் பிள்ளை பொருந்துகிறது என்று ரத்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். வந்து இறங்கும்போதே வலி எடுத்திருந்தது. வடிவு அவளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள், கதவைத் தாழிட்டாள், பஞ்சுக்கடியிலிருந்து பையை எடுத்தாள். குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டு முக்கு முக்கினால் வந்துவிடும்.

பேச்சியம்மை முக்கவில்லை. கிளிப்பையும் பையையும் பார்த்தவுடன் இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை இறுக்கிச் சேர்த்துக்கொண்டாள். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

“அமைச்சரு எப்பக்கா வருவாரு?”

“அவர் வரவேண்டாம்மா. நான் எடுத்துர்றேன். நீ முக்கு.”

“வேண்டாங்கா. நான் அடக்கிக்கிறேன்.”

வடிவு கெஞ்சினாள். கத்தரியில் ஒன்றுமில்லை, ரத்தம் ஒரு நிமிஷத்தில் போய்விடும், தான்தான் அஞ்சுகத்துக்கும் எடுத்தது, மேடையில் வெட்டியது பேண்டேஜ் துணி என்று, யாரிடமும் சொல்லாத அத்தனையையும் அவளிடம் கொட்டினாள். பேச்சியம்மை வியர்த்து வழிய எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, எதிர்க்கட்சிக்காரர்கள் இப்படித்தான் சொல்லி மனசைக் கலைப்பார்கள் என்று ஊரில் முன்கூட்டியே எச்சரித்து அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். தலைமாட்டில் இருந்த துணிப்பையைக் கண்ணால் காட்டினாள். அதிலிருந்து சுருட்டி வைத்த சுவரொட்டி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் அஞ்சுகமும் தங்கக் கத்தரியும், கீழே கொட்டை எழுத்தில் வடிவின் சாட்சியமும் இருந்தன.

“எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா. ஊர்ல படிச்சுச் சொன்னாங்க. கத்தரி பட்டதாலதான் அந்தப் புள்ள பொழச்சுதுன்னு கோர்ட்டு மாதிரி ஒரு எடத்துல நீங்கதானே சொல்லியிருக்கீங்க. உங்கள நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

அமைச்சர் வருவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.